அந்தோணிராஜுக்கு டிபி இல்லை

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தோணிராஜுக்கு வந்தது டிபியே இல்லையாம்!

முதலிபாளையத்தில் எங்கள் பனியன் யூனிட்டுக்கு அவர்தான் அயர்ன் மாஸ்டர். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அயர்ன் டேபிள் வெக்கையில் நின்றவர்களுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும். துணியை ஈரமாக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து முகத்தில் அடித்துக்கொள்வார்கள். அவர் வாயையும் திறந்துகொண்டு அடிப்பார். அந்த பாட்டிலை யாரும் கழுவி நான் பார்த்ததில்லை. தண்ணீர் தீர்ந்தால் தொட்டியில் முக்கி எடுப்பதோடு சரி. எங்களுக்கென்ன ஏசியா போட்டுத் தருகிறார்கள்?

போன வருடம் அவருக்கு இருமல் பிடித்தது. ஒரு கிளினிக்கில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மண்ணரையில் குடியிருந்த லைன் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய் ஆனது. மனைவி விஜயராணி, குழந்தை அபிராமியைத் தூக்கிக்கொண்டு அதே லைனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வாள்? மகளை மறுபடி தூக்க வேண்டும் என்றுதான் அந்தோணிராஜ் குமட்டக் குமட்ட மாத்திரை விழுங்கினார்.

மாதங்கள் போயும் சளியில் கிருமி போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். டாக்டர் தேஜஸ்ரீ அவர் வேலையைப் பற்றியெல்லாம் விசாரித்தார். ரத்தம் எடுத்தார், சளியையும் புதிதாகப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டிபி கிருமி உள்ள வந்திருந்தா ரத்தம் பெரும்பாலும் அதை அடையாளம் வெச்சிருக்குமுங்க. உங்க ரத்தத்துக்கு அதைத் தெரியவே தெரியலீங்க. சளியை வளர்த்துப் பார்த்ததுலயும் வேற கிருமிதான். டிபிக்குப் பங்காளி மாதிரிங்க. மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ஒண்ணாட்டந்தான் தெரியும். இது தண்ணியில, மண்ணுல இருக்கறது. அந்த ஸ்ப்ரே தண்ணியில இருந்துகூட வந்திருக்கலாமுங்க, உறுதியாச் சொல்ல முடியாது. இதுக்கு மாத்திரையே வேறீங்க."

அந்தோணிராஜ் பேயறைந்தவர் போல இருந்தார்.

"அப்பம் எம் பிள்ளைக்கு ஒட்டாதா?"

"இது பொதுவா ஆள்கிட்ட இருந்து ஆளுக்கு ஒட்டாதுங்க."

"அப்பம் இத்தன நாளும் எதுக்கு டாக்டர்...?" எனக்கு அந்த கிளினிக் கண்ணாடியை உடைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது.

மண்ணரையில் பைக் நிற்பதற்குள் குதித்து ஓடினார். விஷயத்தைக் கேட்டதும் விஜயராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "போ பிள்ள, அப்பாட்ட போ" என்று மகளை இறக்கிவிட்டாள். அவர் முட்டி போட்டுக் கையை நீட்டினார்.

அபிராமி தத்தித் தத்தி வந்தது. பாதி வழியில் நின்றது. பாவாடையைத் தூக்கி மூக்கை இறுகப் பொத்திக்கொண்டது. அப்பாவைப் பார்த்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று விஜயராணிதான் பழக்கியிருந்தாள்.

"வாம்மா, அப்பாவத் தொடலாம்" என்றார் அந்தோணிராஜ்.

குழந்தை இரண்டு எட்டு பின்னால் போனது.