நான்கு நாளில் ஒரு வருஷம்

பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கி வானத்தை விளக்கிப் பிழைக்கும் சகோதரர்களே, நாம் காட்டும் கோளை நாமே பார்த்ததில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

என் பங்குக்கு வந்தது, வெகுதூரத்து நட்சத்திரம் ஒன்றை ஒட்டிக்கொண்டு சுற்றும் வாயுக்கோள். வியாழன் அளவு பெரிது. நான்கே நாளில் ஒரு சுற்று. கையில் ஒரு குண்டு பல்பு, ஒரு பந்து, வெளிச்சம் அளக்கும் கருவி, மடிக்கணினி. பல்புக்கு முன்னால் பந்து போனால் திரையில் ஓடும் கோடு பள்ளமாக இறங்கும். அப்படித்தான் அந்தக் கோளையும் கண்டுபிடித்தார்கள்.

எனக்குக் குரல் சின்னது. வேனுக்கும் எனக்கும் பொறுப்பான சிவா அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கடைசி வாங்குல இருக்கிற பிள்ளைக்குக் கேக்காட்டி இந்த வேல உனக்குச் சரிவராது தம்பி. ஒரு மாசம் பாப்பம்."

மடவளையில் வியாபாரம்

பள்ளிக்கூட ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி கொண்டுவந்த புடைவைக் கடை நானா, முன்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே வருஷம் என்பதே நான்கு நாள்தான் என்றேன். பின்வரிசையிலிருந்து "கேக்கல்ல சேர்!" என்று சத்தம். சிவா அண்ணன் என்னைப் பார்த்தார். நானா எழுந்து, பின்பக்கம் திரும்பி, எனக்காக உரக்கச் சொன்னார். பிறகு என்னிடம் குனிந்தார்.

"நாலு நாளுல நோன்பு, ஹஜ்ஜு ரெண்டு பெருநாளும் வருமே தம்பி! அங்க வாடகைக்குக் கடையொண்டு இருந்தாச் சொல்லுங்க."

குண்டசாலையில் மாற்றம்

அந்தக் கோளின் ஒரு பக்கம் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தபடியே இருக்கும், அங்கே இரவே கிடையாது என்று விளக்கினேன். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கும் விஞ்ஞான டீச்சர் மட்டும் கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"எப்பவும் பகல் எண்டால் பள்ளிக்கூடம் எப்ப விடுறது? நான் அங்க இடமாற்றம் கேக்கமாட்டன்."

ஹந்தானையில் பந்தில்லாக் கோள்

அந்த ஒரு மாதத்தின் கடைசி நாள். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை. சிவா அண்ணன் பின்சுவரில் கைகட்டி நின்றார். பந்து இன்னும் என் பையிலேயே இருக்க, திரையில் கோடு இறங்கியது. ஏறியது. மறுபடியும் இறங்கியது. "கோளு! கோளு!" என்று வகுப்பே கூச்சல் போட்டது. கருவி பழுதோ, கம்பி கழன்றதோ? கம்பியைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன்; கோடு மறுபடியும் இறங்கியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கடைசி வாங்கில் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

"கோளு இல்லீங்க அண்ணே. பெக்டரியில மெஷின் போடுறாங்க, கரண்டு இறங்குது. எங்க லயத்து வீட்டுலயும் லைட்டு இப்பிடித்தான் மங்கும். பள்ளம் விழுந்தா ஒடனே நம்பாதீங்க, வேற காரணம் இருக்கான்னு பாருங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். எனக்கே கேட்காத குரலில்.

சிவா அண்ணனோடு வேனில் ஏறினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கடைசி வாங்குக்குக் கேட்டிருக்கு. திங்கக்கிழம ஆறரைக்கு வந்து நில்லு."

சொன்னதையெல்லாம் நம்பித் தலையாட்டிய நூறு பிள்ளைகளைவிட, நம்பாமல் எழுந்து நின்ற ஒருத்திதான் என் சோற்றைக் காப்பாற்றினாள்.