அண்ணாச்சி நெசமாகவே பாராட்டிய நாள்

செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்தில் மை கலந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. சண்முகராஜ் அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டாராம். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. அவரோடு பழகிய உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கோவில்பட்டியில் அவருடைய தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் வரைந்து கொடுத்தவன் நான். எதைக் கொண்டுபோனாலும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். "என்னவே, மயிலுங்கீரு, மழையில நனைஞ்ச கோழி மாதிரில்லா இருக்கு?" என்பார். கடைசியில் ஏதோ ஒன்றை அச்சுக்கு அனுப்புவார். பாராட்டு மட்டும் வாயில் வராது.

பதினான்கு வயதிலிருந்தே அவருக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரக்காது. நாலு வேளையும் ஊசி. ஊசி கொஞ்சம் கூடிவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வேர்க்கும். பல வருஷ நோயில் அவருக்கு அந்த எச்சரிக்கையெல்லாம் நின்றுபோயிருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளம், அண்ணாச்சி சாதுவாகிவிடுவார் என்பதுதான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். உடனே சீனித்தண்ணியோடு ஓடுவோம்.

ஒருநாள் நான் ஓடவில்லை. என் குதிரைப் படத்தைப் பார்த்து "அருமையா இருக்குவே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் பறந்துவிட்டேன். அதன்பிறகு மோட்டார் சைக்கிளில் கிளம்பிய அண்ணாச்சி இடைசெவல் பக்கம் பருத்திக்காட்டில் நினைவில்லாமல் விழுந்து கிடந்தார். ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். "புத்தியோட இருந்தா அந்தக் கழுதையக் குதிரைன்னு விட்டிருப்பேனா?" என்று படுக்கையிலிருந்தே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு மனிதரைக் கொல்லப் பார்த்தேனே என்று இருந்தது.

பிறகு அண்ணாச்சி வெளிநாட்டில் தன் தங்கை வீட்டில் தங்கி, ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இறந்துபோன ஒருவரின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியே இவருக்குள் செலுத்தினார்கள். உடம்பு அவற்றை ஒதுக்கிவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. திரும்பி வந்தபோது நாலு ஊசி ஒன்றாகியிருந்தது. அதிலும் மருந்து கொஞ்சம்தான்.

"முன்ன இன்சுலின் போட்டா சர்க்கரை ஒண்ணு ஏறி நிக்கும், இல்ல ஒரேயடியா இறங்கிரும், சொன்ன பேச்சு கேக்காது. இப்ப துளி போட்டாலே கேட்டுக்கிடுது. எந்தப் புண்ணியவானோ உள்ள இருந்து பாத்துக்கிடுதாவ" என்றார்.

அந்த வாரமே ஒரு கரிச்சான் குருவி வரைந்து கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்குவே."

நான் போட்ட கூச்சலில் ஆபீசே திரண்டுவிட்டது. பெட்டி ஒட்டுகிற பெண்கள் சீனியைக் கரைக்க, கணக்குப்பிள்ளை அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மிடறு உள்ளே போனதும் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"அட கிறுக்குப் பயலுவளா! மனுசன் நெசமா ஒண்ணப் பாராட்டக் கூடாதா?"

நாங்கள் விடவில்லை. விரலைக் குத்திச் சோதித்துப் பார்த்தோம். சர்க்கரை அளவாகத்தான் இருந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாதி வேலை நடக்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் என் படங்களைத் திட்டிக்கொண்டு நன்றாக இருந்தார்.

அண்ணாச்சி, அந்த ஒரு 'நல்லாருக்கு'வை உங்கள் நினைவாக வைத்துக்கொள்கிறேன். முழுப் புத்தியோடு சொன்னது, குத்திப் பார்த்தோமே.