பம்பரத்தின் இடது கண்

என் மனைவிக்குப் பட்டறையில் பம்பரம் என்று பெயர். வைத்தவன் நான். கண்ணாடி ஊதுகிறவள் உலைக்கும் மேசைக்கும் நடுவே ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும், அது தொழில். ஆனால் இவள் சாப்பிடும்போதும் நாலு தடவை எழுந்து போவாள். ஊதுகுழல் கையில் இல்லாவிட்டால் கரண்டியையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் என்னை வாங்க, போங்க என்பாள். உலைக்கு முன்னால் மரியாதைக்கு நேரம் கிடையாது. "கொண்டா! பிடி! ஊது!" நான் அவளுடைய கையாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நீலத்தைத் தவிர.

அவள் செய்கிற பூச்சாடிகள் அடுக்கடுக்கானவை. உருகிய கண்ணாடியைக் குழல் நுனியில் சுற்றி எடுத்து, இரும்புத் தகட்டில் பரப்பிய நிறப்பொடியில் உருட்டுவாள். மேலே நிறமில்லாத கண்ணாடியில் ஒரு போர்வை. அதன்மேல் அடுத்த பொடி. அடியில் தேன் நிறம், நடுவில் பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே நீலம். சூட்டில் எல்லாமே ஒரே ஆரஞ்சாகத்தான் தெரியும். ஆறவைக்கும் அடுப்பில் இரவு முழுக்கக் கிடந்து, காலையில் கதவைத் திறந்தால்தான் என்ன பிறந்திருக்கிறது என்று புரியும். அதுவரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. என்னையும் தூங்க விடமாட்டாள்.

சில வருஷமாகவே காலையில் கதவைத் திறந்ததும் ஒரே புலம்பல். "நீலம் பத்தல. சாம்பல் பூத்த மாதிரி இருக்கு." அடுத்த சாடிக்கு நீலத்தில் இன்னொரு அடுக்கு ஏறும். எனக்கோ கண் கூசியது. தேனும் பச்சையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"ஏற்கெனவே நீலம் கொட்டுது. இதுக்கு மேல போட்டா இங்க் பாட்டில்தான்."

"உங்களுக்குக் கண்ணு சரியில்ல. போய் டாக்டரப் பாருங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்குகிறவர்கள் அந்த நீலத்துக்குத்தான் அலைந்தார்கள். அதனால் என் பேச்சு எடுபடவில்லை. சரி, யாருடைய கண் என்று பார்த்துவிடுவோம் என்று ரோஷத்தோடு போனேன். டாக்டர் துணைக்கு வந்தவளையும் உட்காரவைத்துச் சோதித்தார். என் கண்ணில் ஒன்றுமில்லை. அவளுக்கு இரண்டிலும் புரை. உலையின் அனலை வருஷக்கணக்காக முறைத்துப் பார்த்ததால் வந்திருக்கலாம் என்றார். புரை மஞ்சளாகப் படர்ந்து நீலத்தை வடிகட்டிவிடுகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

முதலில் வலது கண்ணில் அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் போய் நின்றாள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள், இடதை மூடிப் பார்த்தாள். ஒவ்வொரு சாடியாக எடுத்து மறுபடி மறுபடி பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கத்துதுங்க. வலது கண்ணுல பாத்தா எல்லாம் கத்துது. இடதுலதான் நான் செஞ்ச மாதிரி இருக்கு." கொஞ்சம் கழித்து, "ஜனங்க பாராட்டுனது என்னையா, என் புரையையா?" என்று கேட்டாள். நான் குனிந்து அவள் செருப்பைக் கழற்றினேன்.

இடது கண்ணுக்கு டாக்டர் கூப்பிட்டபோதெல்லாம் ஒரு சாக்கு. ஜலதோஷம், மழை, வேலை. வாக்குவாதம் முற்றிய ஒரு நாள் உண்மை வெளியே வந்தது. "இதையும் எடுத்துட்டா நான் எப்படிப் பாத்தேன்னே எனக்கு மறந்துடும். அப்புறம் எத வச்சு செய்வேன்?"

அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டல்காரர் அதே நீலத்தில் சாடிகள் கேட்டிருந்தார். புதுக் கண்ணுக்கு அந்த நீலத்தைச் செய்யக் கை வரவில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? நல்ல கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, நீலப் பொடியைப் புரைக் கண்ணால் அளந்து போட்டபடி உலை முன்னால் நின்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

ஒரு சாடியின் விளிம்புக்கு நீல இழை சுற்ற வேண்டியிருந்தது. கம்பி நுனியில் உருகிய கண்ணாடியை நீட்டினேன். ஒற்றைக் கண்ணுக்கு, அதுவும் அந்தக் கண்ணுக்கு, எது கிட்டே எது தள்ளி என்று எப்படித் தெரியும்? இடுக்கி இழையைத் தவறவிட்டது. இழை என் மணிக்கட்டில் விழுந்தது. சாடியோடு குழலை அப்படியே போட்டுவிட்டு, என் கையை இழுத்துத் தண்ணீர் வாளிக்குள் அழுத்தினாள். பின்னால் சாடி சுக்குநூறாகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு என் கையையே பார்த்து அழுதாள்.

மறுநாள் அவளாகவே டாக்டருக்குப் போன் செய்தாள். ஓட்டல்காரரிடம், அந்த நீலம் இனி வராது என்று சொல்லிவிட்டாள்.

அறுவைக்குப் போகும்போது, தனக்கென்று வைத்திருந்த சாடி ஒன்றை எடுத்து வரச் சொன்னாள். துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்தாள். கால் ஆட்டாமல், எதையும் உருட்டாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

"நீலமா. ரொம்ப நீலமா."

"எனக்கு உள்ள பச்சை தெரியுது. அதுக்கும் உள்ள தேன் கலர். அழகா இருக்குங்க."

நானும் ஒரு கண்ணை மூடினேன், இன்னொன்றை இடுக்கினேன். நீலம்தான். பக்கத்திலேயே நின்று இத்தனை சாடிகள் ஊதிக் கொடுத்தும், அவள் செய்ததில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சொட்டு மருந்தோடு நர்ஸ் வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாரேன்," என்றேன்.

"போதும், பாத்துட்டேன்," என்று சாடியை என் கையில் கொடுத்துவிட்டு, அவளே தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.