எஸ்டேட்டில் இருக்கிறான்

கம்பம் சந்தையில் ஏலக்காய் மூட்டையைக் கிழித்துத் திருடிய குற்றத்துக்காக என்னைப் பட்டணத்துப் பக்கம் இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தச்சு வேலையும் கேழ்வரகுக் களியும் கிடைத்தன. படுக்கத்தான் இடமில்லை. ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும்.

இனி இத்தனை பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வீட்டார் ஏற்றுக்கொண்டால் தண்டனை முடியுமுன்பே போகலாம். ஊர் ஊராகப் போலீசை விட்டு விசாரித்தார்கள். அப்பனும் ஆத்தாளும் இல்லாத எனக்குச் சித்தப்பா வீடுதான் வீடு. துணியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் மகனைக் கூட்டிப்போக வந்தார். என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏலே, நீ மலைமேல எஸ்டேட்டுல இருக்கன்னுல்ல உங்க சித்தப்பா சொல்லிக்கிட்டிருக்காக!"

"போலீசு வந்து கேக்கலையா மாமா?"

"கேட்டான், சாவடியில ஊரே கூடியிருக்கயில. சித்தப்பா மக, உங்க அக்காவுக்குச் சம்பந்தம் பேசியிருக்காகப்பா. மாப்பிள்ளை வீட்டாரும் அங்கனதான் இருந்தாக. அவுக முன்னால உங்க சித்தப்பா, எஸ்டேட்டுல இருக்கான், எங்க பையன் எந்த ஜெயில்லயும் இல்லைன்னுட்டாக."

"நான் இங்கன இருக்கேன்னு தனியாச் சொல்லுங்க மாமா."

"கண்ணாலம் முடியட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின், இதைக் கேட்டுக்கொண்டிருந்த வார்டருக்கு நான் வேடிக்கையானேன். "இன்னா எஸ்டேட்டு தொர, டீத்தூளு எங்க?" என்பார். கொட்டடி காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கை கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. பக்கத்தில் ஆள் மூச்சுச் சத்தம் இல்லாமல் தூக்கம்தான் வரவில்லை. கல்யாணம் முடிந்திருக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரும் வரவில்லை.

காலம் முடிந்ததும் ரயில் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். தேனியில் இறங்கிக் கம்பம் வரை நடந்தேன். ஊருக்குத் திரும்பும் பாதையில் சற்று நின்றேன். அங்கே போய் எங்கிருந்து வருகிறேன் என்று சொல்வது? ஏலக்காய் சுமந்து வரப் போகிறவர்கள் மலைக்குப் போகும் மேட்டுப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் ஏறினேன். தேயிலை எஸ்டேட்டில் வேலை கிடைத்தது.

மறு வருஷம் எங்கள் ஊர் ஆள் ஒருவர் அங்கே மாடு விற்க வந்தார். கொழுந்துக் கூடையோடு நின்ற என்னைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"நீ இங்கனதான் இருக்கன்னு உங்க சித்தப்பா அப்பவே சொன்னாகளே" என்றார்.

ஆமாம் என்றேன்.