நான் அழித்த ககர ஒற்று

என் மனைவி கடைசியாக என்னிடம் கேட்டதை நான் பிழையாகப் படித்தேன். பணிக்காலம் முழுவதும் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். ஒரு சொல்லைப் பிழையாகப் படித்தேன் என்று எழுதிவைக்க எனக்கு இரண்டாண்டு ஆயிற்று.

பக்கவாதம் அவளுடைய பேச்சையும் வலக்கையையும் கொண்டுபோயிற்று; அறிவை அது தொடவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும், மறுமொழிதான் வராது. சேலத்தில் நாங்கள் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண். தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, கையில் இருக்கும் கைப்பேசியே போதும் என்று சொல்லி, அதில் ஒரு செயலியை இறக்கித் தந்தார். எழுதிவிட்டு ஒலிக்குறியை அழுத்தினால் ஒரு பெண்குரல் படிக்கும். அடிக்கடி வேண்டிய தொடர்களை முன்கூட்டியே எழுதிப் பொத்தான்களாகவும் வைத்துக்கொள்ளலாம்.

"அம்மா எப்படிப் பேசுவாங்களோ அப்படியே எழுதுங்க சார். இனிமே இதுதான் அவங்க குரல்" என்றார்.

நான் அப்படி எழுதவில்லை. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அடுத்த வீட்டு விசைத்தறியின் இரைச்சலுக்கு நடுவே இரண்டு நாள் உட்கார்ந்து, 'எனக்குத் தண்ணீர் வேண்டும்', 'சாளரத்தைத் திறவுங்கள்', 'கழிவறைக்குச் செல்ல வேண்டும்' என இருபத்துநான்கு தொடர்களை, வல்லினம் மிகும் இடம் பார்த்து அமைத்தேன். சாளரத்தை அவள் முதன்முறை அழுத்தியபோது அவள் முகத்தின் இடப்பாதி மட்டும் சிரித்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்றொரு தொடரை நான் எழுதவில்லை. வீட்டிலேயே இருக்கிறவளுக்கு அது எதற்கு என்று தோன்றியது.

ஐந்தாம் மாதம் சிறுநீர்த் தொற்றும் கடுங்காய்ச்சலும் கண்டு, அவளைச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே அந்தக் கைப்பேசி வேடிக்கைப் பொருளாயிற்று.

"வாத்தியாரய்யா, உங்க போனு செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுதுங்க" என்றார் செவிலி. "அம்மாவுக்கு ஊசி போடவே பயமா இருக்குது. தப்பாப் போட்டா இலக்கணம் கேக்கும்போல."

முதல்நாள் மாலை அவள் பொத்தான்களை ஒதுக்கிவிட்டு எழுத்துப் பலகையைத் திறந்தாள். இடக்கையின் சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தொட்டாள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே நீண்ட நேரம் சென்றது. பின்பு ஒலிக்குறியை அழுத்தினாள். "ஊட்டு" என்றது பெண்குரல்.

நான் மகிழ்ந்தேன், அதை மறைப்பதற்கில்லை. வாதம் வந்த நாள் முதல் அவள் எவர் கையாலும் உண்டதில்லை. பாதி சிந்தினாலும் இடக்கையால் தானே எடுத்து உண்பாள். நான் கரண்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது அவளே கேட்கிறாள். கஞ்சியை ஆற்றி, ஒரு கிண்ணம் முழுவதையும் நானே ஊட்டினேன். கரண்டியைப் பாராமல் என்னையே பார்த்தபடி உண்டாள்.

மறுநாளும் அச்சொல் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சில வேளைகளில், உண்டு வாய் துடைத்த சற்று நேரத்திலேயே மறுபடி வரும்.

பக்கத்துக் கட்டிலில் கணவரைச் சேர்த்திருந்த ஆத்தூர்க்கார அம்மாள், "பசி அடங்கல போலிருக்கு சார். நல்லதுதான், வயிறு கேட்டா ஒடம்பு தேறிடும்" என்றார்.

மூன்றாம் நாள் அவள் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கஞ்சி போர்வையில் கொட்டியது. கைதவறியது என்று எண்ணித் துடைத்து, "மெதுவாக" என்றேன். அவள் கைப்பேசியை இழுத்து மீண்டும் எழுதத் தொடங்கினாள். இம்முறை நெடுநேரம் ஆயிற்று. நான் குனிந்து பார்த்தேன். 'ஊட்டுக்' என்று இருந்தது. விரல் அடுத்த எழுத்தைத் தேடித் திரைமேல் அலைந்து, சோர்ந்து விழுந்தது.

இறுதியில் ஓர் ஒற்று வீணாக நிற்கிறது, விரல் பட்டுவிட்டது என்று கொண்டேன். மாணவர் ஏட்டில் செய்வதைப்போல அதை அழித்தேன். அவளுக்காக ஒலிக்குறியையும் நானே அழுத்தினேன். "ஊட்டு" என்றது குரல். அவள் கண்களை மூடிக்கொண்டாள். வேறு கிண்ணத்தில் கஞ்சி வாங்கி வந்தேன். வாயைத் திறந்தாள்.

மறுநாள் முற்பகல் இரண்டாம் முறை வாதம் தாக்கித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு நாமகிரிப்பேட்டையிலிருந்து அவள் தங்கை வந்தாள். வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, அக்காள் பேசியது ஏதேனும் உண்டா என்று கைப்பேசியைத் துழாவினாள். எழுதி ஒலித்ததையெல்லாம் அந்தச் செயலி நேரம் குறித்து வைத்திருந்தது. ஒரே சொல், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"ஏனுங்க மாமா, இத்தனவாட்டி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்குது. நீங்க டாக்டருகிட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமுங்களே?"

"சோறு ஊட்டச் சொன்னாள். ஊட்டினேன்" என்றேன்.

"அக்கா எப்பங்க ஊட்டச் சொல்லியிருக்குது? அப்படியே சொன்னாலும் ஊட்டி உடுன்னுதானுங்க சொல்லும்." மறுபடி திரையைப் பார்த்தாள். "வேற எதாச்சும் அடிச்சுதுங்களா?"

"இல்லை" என்றேன்.

அச்சொல்லை நான் அறியாதவன் அல்லேன். என்னைப் பெற்றவளும் ஊடு என்றே சொன்னாள். மணமான முதல் மாதத்தில் என் மனைவியிடம், "ஊடு அன்று, வீடு. வகரத்தை விழுங்காதே" என்று நான் சொன்னதும், "ஆகட்டுங்க வாத்தியாரே" என்று அவள் சிரித்ததும் நினைவில் இருக்கின்றன. அன்று முதல் என் காதுபட அவள் வீடு என்றே சொன்னாள். தங்கையோடு அடுக்களையில் பேசும்போது வகரம் மறைந்துவிடும். நான் உள்ளே நுழைந்தால் திரும்பி வந்துவிடும். பேச்சு போன பிறகு, அந்த மரியாதையைக் காக்கும் வலிமை அவள் விரலில் இல்லை. ஐந்து தொடுதல்களில் முடிந்ததை எழுதினாள். மிச்சத்தை நான் நிரப்பிக்கொள்வேன் என்று நம்பியிருப்பாள்.

உள்ளே ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அவள் காதருகே குனிந்து, "வீட்டுக்கா?" என்று கேட்டேன். எந்த அசைவும் இல்லை. வேறு வகையாகவும் கேட்டிருக்கலாம். ஊட்டுக்கா என்று கேட்க வாய் எழவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு முடிந்துவிட்டது.

வெண்ணந்தூரில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வாசலில் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். விசைத்தறியை நிறுத்தியிருந்தார்கள். வண்டியிலிருந்து அவளை இறக்கும்போது, பங்காளிகளில் மூத்தவர் பந்தலின் கீழிருந்த கட்டிலைக் காட்டினார்.

"இங்கயே வைங்க. வெளிய போன உசுரு, உள்ள கொண்டுபோற வழக்கமில்லீங்க."

அவள் தங்கை குறுக்கே வந்து நின்றாள். "ஊட்டுக்கு வரோணும்னு கெடந்துச்சுங்க எங்கக்கா. நடு ஊட்டுல சித்த நேரம் வச்செடுங்க சாமி, போதும்."

"அப்படிக் கேட்டுதா சாமி? வாய்தான் வரலையே அதுக்கு."

"போனுல கேட்டுச்சுங்க."

அவர் பிடிவாதக்காரர் அல்லர். என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, கூட இருந்தது நீங்கதானுங்க. அது கேட்டிருந்தா வழக்கமாவது ஒண்ணாவது, தூக்கிட்டுப் போயிரலாம். கேட்டுச்சுங்களா?"

தூக்கியிருந்த நால்வரும் நின்றார்கள். அவள் தங்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். 'ஊட்டுக்கு' என முடியவிருந்த சொல்லில் ககர ஒற்றை நான் அழித்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"தெளிவாக ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்.

கட்டிலில் கிடத்தினார்கள். நிலைப்படிக்கும் அவளுக்கும் இடையே ஏழெட்டு அடி இருக்கும். மூன்று மணிக்கு எடுக்கும்வரை அங்கேதான் இருந்தாள்.