கடைசி வரிசைச் சுவரோரம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் கணிதம் படிக்க வந்தவர். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் ஆசிரியர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அவரும் பதறிப்போய், யார் வந்தது என்று தெரியாமலே விறைப்பாக நிற்பார்.

படிப்பில் புலி. பரீட்சை என்றால் மட்டும் பாதியில் எழுந்து போய்விடுவார். இரண்டு முறை ஆயிற்று. மூன்றாவது முறையும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

தேர்வுப் பிரிவில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பட்டியல் போடுகிறவள் நான். கண்காணிப்பாளரின் குறிப்பும் என்னிடம்தான் வரும்: 'அடிக்கடி திரும்பிப் பார்த்தார், எச்சரித்தேன்.' பார்த்து எழுதுகிறார் என்றே நானும் நினைத்தேன். மடச்சி! பின்னால் இருந்தவன் வகுப்பிலேயே கடைசி மார்க் வாங்குகிறவன் என்பதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

மனநல ஆலோசனை அறை ஒன்று எங்களிடமும் உண்டு. ஆறு பக்கப் படிவம். 'உங்கள் பிரச்சினை என்ன?' என்ற இடத்தில் அவர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரச்சினை இல்லாதவருக்கு ஆலோசனை எதற்கு என்று கோப்பை மூடிவிட்டார்கள். எல்லாரும் பெரிய படிப்பு படித்தவர்கள்.

ஹால் டிக்கெட் வாங்க அவர் மனைவி வந்தாள். கேட்டே விட்டேன். "அவர் ஏன்மா திரும்பித் திரும்பிப் பாக்கறார்?"

"பின்னால ஆள் இருந்தா அவருக்குத் தாங்காதுக்கா. வீட்டுலயும் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு, வாசலைப் பாத்துத்தான் படிப்பார். டீ கொண்டு போனாக்கூட நான் குரல் குடுத்துட்டுத்தான் போவேன்."

அத்தனை பேர் பார்த்தோம், ஒருத்தராவது அவரைக் கேட்கவில்லை.

அவர் தேர்வு எண் ஒன்று. எப்போதும் முதல் வரிசை. கடைசிக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு, ஒருத்தருக்காக விதியை மாற்ற முடியாது என்றார் மேலதிகாரி. சரி, மாற்ற வேண்டாம். எண்களை வரிசையாகப் போடச் சொல்கிறது விதி. எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லவில்லையே? கடைசி வரிசைச் சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தேன். அறுபது பேரும் இடம் மாறினார்கள். "இந்த அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று வராண்டா முழுக்கப் பேச்சு. பிடிக்கட்டும்.

பரீட்சையன்று எனக்கு வேலையே ஓடவில்லை. முடிந்ததும் கண்காணிப்பாளர் வேகமாக வந்தார்.

"உங்க பட்டாளத்தாரை வந்து என்னன்னு கேளுங்கக்கா."

"எழுந்து போயிட்டாரா?"

"எங்க போறார்! எல்லாரும் கிளம்பியாச்சு, அவர் இன்னும் எழுதிக்கிட்டிருக்கார். மணி அடிச்சதே காதுல விழலையாம்."