வாய் என்னுடையது, பாட்டு அவருடையது

மேடையில் பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டும், பாடுவதுபோல வாயசைக்கிறவனுக்குத் தாடை வலிக்கும். பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு, "என்ன வேலை?" என்று கேட்டால் பாதியை மட்டும் சொல்லி நழுவுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மூஞ்சி

தஞ்சாவூரில் செல்வம் அண்ணன் இசைக்குழு வைத்திருக்கிறார். அதில் ஒரு தனி அயிட்டம், அறுபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் பாட்டுகள். விடலைப் பருவத்தில் பினாங்கு, சிங்கப்பூர் போய் ரேடியோவில் கேட்டவர்கள் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைக் கேட்பார்கள். எல்லாம் சாதுவான காதல். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கையைப் பிடிப்பதோடு பாட்டு முடிந்துவிடும். ரெக்கார்டு அட்டையில் பாடகன் படிய வாரிய தலையும் டையுமாக, அம்மா இப்போதுதான் பவுடர் போட்டுவிட்ட மாதிரி சிரிப்பான். எங்கள் குழுவில் அதையெல்லாம் பாடுகிற சேவியர் மாஸ்டருக்கு வழுக்கை, தொப்பை, ஐம்பத்தெட்டு வயது.

வேலை கேட்டுப் போய் நான் ஒரே ஒரு வரி பாடிக் காட்டினேன். செல்வம் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாட்டை விடுறா தம்பி. உன் மூஞ்சி நல்லாப் பாடுது. நீ வாயை அசை, மாஸ்டர் ஸ்பீக்கருக்குப் பின்னாடி உக்காந்து பாடிக்குவாரு."

இருமல்

சீர்காழியில் ஒரு வரவேற்பு. கடைசி வரியை முடித்துவிட்டுப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது. மைக்கை அணைக்கவில்லை. மண்டபம் முழுக்க லொக்கு லொக்கு. நான் சிரிப்பை மாற்றாமல் நின்றேன். முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்று கத்தினாள்.

"அம்மா, இந்த அண்ணன் வாயைத் தொறக்காமலே இருமுறாரும்மா!"

பந்தி

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரத்தநாட்டுக் கல்யாணத்தில் என்னை மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். "என்னா குரல்!" என்று இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழுந்தது. மாஸ்டர் என் பக்கத்து இலையில் உட்காரப் போனார். பரிமாறுகிறவர் தடுத்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜாங்கிரியைப் பார்த்தேன்.

"டிரைவருங்களுக்குக் கடைசிப் பந்திங்க, கொஞ்சம் வெளியில இருங்க."

கட்டிலோரம்

கூத்தாநல்லூரில் ஒரு மத்தியான விருந்து. முடிந்ததும் அந்த வீட்டு அம்மா தன் அப்பாவுக்காக என்னிடம் வந்தார். "எங்க அத்தா உள்ள படுத்த படுக்கையா இருக்காங்க தம்பி. பினாங்குல கடையில நின்ன காலத்துப் பாட்டு. மைக் இல்லாம ஒண்ணே ஒண்ணு பாடுறீங்களா?"

'நான் பாடுகிறவன் இல்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. மாஸ்டரை என் மாமா என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். பெரியவருக்குப் பார்வை மங்கல் என்றார்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் கட்டிலை ஒட்டி நின்று வாயைத் திறந்தேன். மாஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகப் பாடினார். இரண்டாவது வரியில் பெரியவரின் உதடும் கூடவே அசைந்தது. அவரும் என்னைப் போலத்தான் சத்தமில்லாமல் வாயசைத்தார். ஆனால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தது.

பாட்டு முடிந்தது. நான் கையை நீட்டினேன். அவர் கை என்னைத் தாண்டிப் போய் மாஸ்டரின் சட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா என்னையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் மட்டும் மரியாதை குறையாமல் என்னிடம் சொன்னார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாடுறவரு முகத்தை மறைக்கிறீங்க."

இப்போது அதே குழுவில் வாயை மூடிக்கொண்டு ஸ்பீக்கர் தூக்குகிறேன், கடைசிப் பந்திதான், ஆனால் சோறு தொண்டையில் நிற்காமல் இறங்குகிறது.